அந்தப் பக்கம் வெறும் கடல்தானே

புதிதாகச் சேர்ந்திருக்கும் என்ஜினீயர் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம், அவர்களுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஊக்கத்துக்கு வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தி, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று மைக்கில் சொன்னார்கள். அந்தச் சால்வை மடித்தது மடித்தபடி பீரோவில் கிடக்கிறது. ஆகவே கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று உங்கள் கைபேசியில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுவது ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் முடிந்தது. நாங்கள் அதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது அது ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் அதைச் செருகிவிட்டால், டவர் சிக்னல் நுழையாத அறையில்கூடக் கைபேசி வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். அதே எண், அதே போன். அழைப்பு மட்டும் டவரை விட்டுவிட்டு இணையம் வழியாக எங்களிடம் வந்து சேரும். பெட்டியில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாராவது பெட்டியின் மேல் பழியைப் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. தொண்ணூறுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கற்றுக்கொண்டேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒன்றும் மகான் இல்லை. மூக்குப்பொடி போடுவார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே தூங்குவார், வாயைத் திறந்தால் காது கூசும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் விடமாட்டார். எந்த இணைப்பின் வயரையும் பிடுங்குவதற்கு முன் சோதனை ரிசீவரை அதில் மாட்டிக் காதில் வைக்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கை வைக்கக் கூடாது.

ஒருநாள் ஓர் இணைப்பை வேறு தெருவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. காதில் வைத்தால் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணப் புடவைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், வெறும் புடவைச் சண்டை, பிடுங்கிடட்டுமா?" என்றேன். "உன் அப்பன் வூட்டு லைனா அது? முடிக்கட்டும், நில்லு" என்றார். நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு மோசம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் ஒருத்தி அழுதுகொண்டே போனை வைத்த பிறகுதான் வயரில் கை வைத்தோம். அந்த மனிதருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

பிறகு நான் ஒரு தனியார் கைபேசி நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே வயர் இல்லை, காதில் வைக்க ரிசீவரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான்: டவரில் மூன்று பக்கமும் ஆன்டெனா, ஒவ்வொரு பக்கமும் ஒரு செக்டார். செங்கல்பட்டு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினால் ஒரு பக்கம் முழுவதும் அணைந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பது திரையில் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். வெள்ளைப் பெட்டியை எங்கள் வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு மெய்யாகவே சந்தோஷம். திருப்போரூரில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், படுக்கையில் விழுந்த மனைவியோடு இருந்தார். போன் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏறுவார், மனைவி கீழே கூப்பிட்டால் காதில் விழாது. அவர் வீட்டில் பெட்டியை வைத்தோம். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளோடு பேசினார். பேசி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெட்டியை எங்களிடமிருந்து மொத்தமாக வாங்குவது பற்றிப் பேச வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், செய்து காட்ட வேண்டும் என்று தகவல் வந்தது. எங்கள் ஜி.எம்.மிடம் திருப்போரூர் வீட்டைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளைக்காரங்களை அந்தச் சந்துக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? நடுவுல மாடு படுத்திருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ரிசார்ட்ல ஹால் புக் பண்ணியாச்சு. ஸீ வியூ."

அந்த ஹாலைப் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் கண்ணாடி, எதிரே கடல். போனை எடுத்தால் சிக்னல் முழுசாக இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் உதவும் பெட்டியைச் சிக்னல் பொங்கி வழியும் இடத்தில் எப்படிக் காட்டுவது? ஜி.எம். அதற்கும் வழி வைத்திருந்தார். அந்தப் பக்கத்து செக்டாரைக் கொஞ்ச நேரம் மூடிவிட வேண்டியதுதான். நோயை நாமே வரவழைத்து, மருந்தையும் நாமே காட்டுவது. இந்தத் தொழிலில் இது புதிதல்ல, நீங்களும் பார்ப்பீர்கள்.

எனக்கு உதைத்தது. அந்த டவர் சதுரங்கப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தின் ஓரத்தில் இருந்தது. டவர் அறையின் சாவி பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் இருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் வண்டி வந்தால் திறந்துவிடுவாள், ஏதாவது கோளாறு என்றால் எனக்குப் போன் செய்வாள். என் எண் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய மகன் தேசிங்கும் அவள் தம்பி ஏழுமலையும் ஒரே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவார்கள். நிலத்தில் கட்டடமும் மரமும் மறிக்கும். கடலில் மறிப்பதற்கு ஒன்றுமில்லை, அலைகள் நீண்ட தூரம் போகும். "கரையில நின்னு பாத்தா போட்டு தெரியாது யம்மா, ஆனா செல்லு எடுக்குது" என்று கன்னியம்மா ஒருமுறை பெருமையாகச் சொன்னாள். எங்கள் அலுவலக வரைபடத்தில் அந்த இடம் நீலமாக மட்டும் இருந்தது. சிக்னலை அளக்க நாங்கள் ஜீப்பில் போவோம். ஜீப் கடலில் போகாது, அதனால் அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிட்டது.

மூட வேண்டாம் என்று ஜி.எம்.மிடம் வாதாடினேன். ரிசார்ட் சமையலறைக்குப் பின்னால் ஒரு குளிர்பதன அறை இருந்தது, இரும்புச் சுவர், சிக்னல் துளியும் நுழையாது. அங்கே காட்டலாமே என்றேன். "கெஸ்ட்டை மீன் வெக்கிற ரூம்ல நிக்க வெக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கடைசியில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்: மூடுவதானால் பிற்பகலில் மூடுங்கள், அதற்குள் போட்டெல்லாம் கரைக்கு வந்துவிடும். சரி என்றார். சரி என்று அவர் வாயாலேயே சொன்னார், நான் கனவு காணவில்லை.

அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. சவுக்குத் தோப்பு ஓயாமல் இரைந்தது. நான் ரிசார்ட்டின் பின்கட்டில் பிராட்பேண்ட் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு ஹாலுக்குள் வந்தேன். மேசைமேல் செய்து காட்டுவதற்கான போன் இருந்தது. அதில் போட்டிருந்தது என் சிம். புதுச் சோதனை எது வந்தாலும் முதல் பலி ஊழியர்களின் எண்தான், அன்றும் அப்படித்தான். திரையைப் பார்த்தேன். டவர் சிக்னல் இல்லை, வைஃபை அடையாளம் மட்டும் இருந்தது. விருந்தாளிகள் சிற்பங்களைச் சாயங்கால வெயிலில் பார்க்க ஆசைப்பட்டார்களாம். அதனால் ஜி.எம். நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக் காலையிலேயே மூட வைத்துவிட்டார். என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"சார், போட்டெல்லாம் இன்னும் கரைக்கு வரல. காத்து வேற அடிக்குது."

"அரை மணி நேரம்தான். ஏன் டென்ஷன் ஆகறீங்க? அந்தப் பக்கம் வெறும் கடல்தானே."

விருந்தாளிகள் நாலு பேர், கையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜி.எம். பேச ஆரம்பித்தார். பாருங்கள், இங்கே சிக்னலே கிடையாது, இருந்தாலும் இந்தப் போன் உயிரோடு இருக்கிறது என்றார். குரல் தரத்தை அளப்பதற்காக வருகிற போகிற அழைப்பையெல்லாம் பக்கத்தில் ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. எங்கள் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் கூப்பிடுவதற்குள் போன் மணி அடித்தது. தெரியாத எண், கடற்கரைப் பக்கத்துத் தரைவழி எண். ஜி.எம். முகம் மலர்ந்தது. ஏற்பாடு செய்யாத அழைப்பென்றால் இன்னும் விசேஷம் அல்லவா? அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"யம்மா, நான்தான் கன்னியம்மா, டவராண்ட கீற கன்னியம்மா. காயின் பாக்ஸ்லருந்து பேசறேன். இன்னா ஆச்சு டவருக்கு? செல்லு செத்துப்பூட்ச்சி. தேசிங்கு போட்டு வெளியில கீதும்மா, எந்தம்பியும் கூட கீறான். இஞ்சின் நின்னுபோச்சாம். லைட்டவுசு மலைக்கு நேரா வருதுன்னு சொன்னான், தெக்கால எது எதுக்கு நேருன்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடிச்சி. ஒரேவாட்டி அவன் பேசுனா போதும், நம்ப ஆளுங்க போயி இஸ்துகினு வந்துருவாங்க. சீக்கிரம் போட்டுவுடு யம்மா."

கடலில் இருப்பவர்கள் தங்கள் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் பின்னாலிருக்கும் ஒரு மலைக்கு நேராகத் தெரிந்தால் அது ஒரு கோடு. தெற்கே இன்னும் இரண்டு அடையாளங்கள் நேராக வந்தால் அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் போட் இருக்கிறது. தேசிங்கு முதல் கோட்டைச் சொல்லிவிட்டான். இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தபோது செங்கல்பட்டில் ஒருவன் ஒரு வரியைத் தட்டியிருக்கிறான்.

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் புரிந்தது. ஒருவரும் அசையவில்லை. விருந்தாளிகளுக்கு மொழி தெரியாது. அவர்கள் கேட்டது குரலை மட்டும். பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒருவர் தலையாட்டிக்கொண்டே கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். விருந்தாளிகள் தட்டியதைப் பார்த்து எங்கள் விற்பனைப் பிரிவு ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியும்.

"யம்மா? யாரோ கை தட்றாங்க. யாரு அது? யம்மா, கீறியா?"

ஜி.எம். அழைப்பைத் துண்டித்தார். சாதாரண கிராமத்து வாடிக்கையாளர், எங்கள் சேவையைப் பற்றி விசாரிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பொய்கூட இல்லை பாருங்கள், அதுதான் அவர் திறமை. நான் போனுக்குக் கை நீட்டினேன். அவர் அதை ஒரு விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"நடந்துகிட்டே பேசற டெஸ்ட் ஒண்ணு பாக்கி. பத்து நிமிஷம். அப்புறம் நானே திறக்கச் சொல்றேன்."

"அவங்களுக்குப் பத்து நிமிஷம் இல்ல சார்."

"மீன் பிடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தினமும் நடக்கறதுதான். சீன் போடாதீங்க."

நான் சீன் போடவில்லை. வெளியே வந்து வரவேற்பறைத் தரைவழிப் போனில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். பணியில் இருந்தவர் பிரபு. கல்யாணமாகிக் கைக்குழந்தை வைத்திருந்தவர், பயந்த சுபாவம்.

"பிரபு, செக்டாரைத் திற."

"மேடம், தான் சொன்னாத்தான் திறக்கணும்னு ஜி.எம். சார் சொல்லியிருக்காரு."

"நீ மூடுனப்போ அதுல ஒருத்தன் பேசிக்கிட்டு இருந்தான். கடல்ல, இஞ்சின் நின்னுபோன போட்ல. இருக்கிற இடத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தான்."

நான் காத்திருந்தேன். நெருக்கடியில் ஒருவரை அவசரப்படுத்தினால் பயம்தான் ஜெயிக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு, "நான் திறக்கச் சொன்னேன்னு பதிவு பண்ணிக்கோ. உன்னை யாரும் கேட்க மாட்டாங்க" என்றேன். விசைப்பலகை சத்தம் கேட்டது. செக்டார் உயிர் பெற்றுச் சிக்னல் நிலைக்க இன்னும் சில நிமிஷம் ஆயிற்று. அந்த நிமிஷங்களை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன்.

ஹாலில் போனோடு நடந்துகொண்டிருந்த விருந்தாளியின் அழைப்பு, டவர் திரும்பி வந்ததும் வைஃபையிலிருந்து அதற்குத் தாவப் பார்த்து அறுந்துபோனது. ஜி.எம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் திரையில் பார்த்த காயின் பாக்ஸ் எண்ணுக்குப் போட்டுக் கன்னியம்மாவிடம், சிக்னல் வந்துவிட்டது, தேசிங்கைக் கூப்பிடு என்றேன். அவன் எண்ணை வாங்கி நானும் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று எங்கள் பெண் குரல் இனிமையாகச் சொன்னது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், அது திரும்பத் திரும்ப இனிமையாகச் சொன்னது.

குப்பத்து ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ஐந்தாறு போட்டுகளில் போய்த் தேடினார்கள். ஒரு கோடு என்றால் கரையிலிருந்து அடிவானம் வரைக்கும் கோடுதான். நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் செய்யூர்ப் பக்கத்துக் கடலில் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்த தேசிங்கை வேறு ஊர்க்காரர்கள் தூக்கினார்கள். ஏழுமலை அவனோடு இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் கரை ஒதுங்கினான்.

இரண்டாவது கோட்டைத் தேசிங்கு சொல்லி முடித்திருந்தால் ஏழுமலை பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் தப்பித்தார்கள். கடல், காற்று, இஞ்சின் என்று எல்லாவற்றின் மேலும் காரணம் சொன்னார்கள். டவர் அன்று மூடியிருந்தது என்பது யார் வாயிலும் வரவில்லை. அனுமதியில்லாமல் செக்டாரைத் திறந்ததற்கு எனக்கு மெமோ வந்தது, அனுமதியோடு மூடியதற்கு யாருக்கும் வரவில்லை. ஜி.எம்.முக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என்னை டவர் ஜெனரேட்டர்களின் டீசல் பார்க்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். பெட்டியைச் சில ரிசார்ட்டுகள் வாங்கின, பிறகு நிறுவனம் அதைச் சத்தமில்லாமல் கைவிட்டது. திருப்போரூர் ஆசிரியர் வீட்டுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் மறுபடி மொட்டை மாடி ஏறியிருப்பார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே எங்கிட்ட வாணாம், நீயே வச்சிக்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன் யம்மா. கை தட்னது யாரு?"

டவரை எதற்காக மூடினார்கள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். குரல் சுத்தமாக வந்ததற்காகத்தான் தட்டினார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்ப, நான் பேசுனது எல்லாருக்கும் நல்லா கேட்டுகினுதான் இருந்துச்சி" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்று நான்கு வருஷம் கழித்து வெளி மாநிலத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஹால் நிறைய உங்களைப்போலப் புதுப் பிள்ளைகள். இணையம் வழியாகப் பேசும்போது குரல் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று வகுப்பு. சில ஒலித்துண்டுகளைப் போடுவோம், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள் என்றார் பயிற்சியாளர். மூன்றாவதாக ஒன்றைப் போட்டார்.

"யம்மா, நான்தான் கன்னியம்மா, டவராண்ட கீற கன்னியம்மா."

அன்றைய பதிவு. கருவி விற்றவர்களிடம் போய், அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. சீக்கிரம் போட்டுவுடு யம்மா என்பது வரைக்கும் ஓடியது. கை தட்டலுக்கு முன்னால் வெட்டியிருந்தார்கள். பென்சில்கள் ஓடும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பையன், நம் விழுப்புரத்துக்காரன், நாலு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பின்னாடி கொஞ்சம் காத்து சத்தம் இருக்கு மேடம், அதான் ஒண்ணு குறைச்சேன்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கவனிக்கவில்லை மேடம், குரலைத்தான் பார்த்தேன் என்றான். நல்ல பையன்தான். இப்போது உங்களுக்கெல்லாம் அவன்தான் மேலதிகாரியாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

நீங்களும் பதில் எழுத வேண்டும் மேடம் என்று பயிற்சியாளர் என் தாளைக் காட்டினார். ஐந்து போட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டது.